‘போறேன்’ என்று பாடாதவன்

சன்னலோரம் வேணும்னா சொல்லிருங்க அண்ணாச்சி, மாறிக்கிடுவோம். எனக்கு எங்கன இருந்தாலும் ஒண்ணுதான். ஆனா ஒரு விசயத்த மொதல்லயே சொல்லிருதேன். நான் பேசுத ஆளு. தூத்துக்குடியில வாயத் தெறந்தா பாளையங்கோட்டையிலதான் மூடுவேன். தூங்கணும்னு நெனைச்சியன்னா இப்பமே பின்னால போயிருங்க, நான் வருத்தப்படமாட்டேன். எம்பொண்டாட்டியே பல தடவ பாதியில எந்திரிச்சுப் போயிருக்கா.

இருக்கியளா? சரி, சந்தோசம். ஒங்க தலையெழுத்து.

எம்பேரு உலகநாதன். கேட்ட பேரா இருக்கா? இல்லையா. பரவாயில்ல. நெல்லை கானமழை மெல்லிசைக் குழுன்னு கோயில் கொடையில எங்கயாவது பாத்திருப்பியளே? அதுவும் இல்லையா? சரி விடுங்க. ‘போறேன் புள்ள போறேன், பின்னால வராதே’, அந்தப் பாட்டு தெரியுமா?

பாத்தியளா, தலை தானா ஆடுது! அதத் தெரியாதவன் தமிழ்நாட்டுல கெடையாது. படம் ஏழு நாளு ஓடல, பாட்டு முப்பத்தாறு வருசமா ஓடிக்கிட்டிருக்கு. லாரிக்காரன் போடுதான். கல்யாண வீட்டுல பொண்ண மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது போடுதான். பள்ளிக்கூடத்துல பன்னெண்டாங்கிளாஸ் பிள்ளையள வழியனுப்பும்போது போடுதான். ஒரு பேங்கு மேனேசர் ரிட்டயர்டு ஆவுத விழாவுல, அந்த மனுசன் மாலையும் கழுத்துமா நின்னு அத முழுசாக் கேட்டு அழுதாரு. பாடுனது நாந்தான். மேடையில.

சினிமாவுல பாடுனது நான் இல்ல. அது கிருபாகரன். பெரிய பாடகரு. ஆனா அது எனக்கு வந்த பாட்டு அண்ணாச்சி. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் இந்த எடத்துல சிரிப்பாவ. நானும் சிரிச்சிக்கிட்டுத்தான் சொல்லுதேன். வீடு தேடி வந்த மகாலெச்சுமிய, செருப்ப வெளிய விட்டுட்டு வரலைன்னு திருப்பி அனுப்புன பயலப் பாத்திருக்கியளா? நல்லாப் பாத்துக்கோங்க. பக்கத்துலதான் இருக்கேன்.

எண்பத்தெட்டாம் வருசம். எனக்கு இருவத்தேழு வயசு. கல்யாணமாயி ஒரு வருசம். வீட்டுக்காரி பேரு சண்முகவடிவு, நான் வடிவும்பேன். அவளுக்கு ஏழு மாசம் அப்பம். தூத்துக்குடிக்காரரு ஒருத்தரு, தனிஸ்லாஸ் மாஸ்டர்னு, மெட்ராசுல மியூசிக் டைரக்டர் ஜெயசீலன்கிட்ட அசிஸ்டெண்டா இருந்தாரு. நான் ஒரு கொடையில பாடுனதக் கேட்டுட்டு, ‘ஒனக்கு மைக்கு வாய்ஸ்லே, கூப்புடுதேன்’னு சொல்லிட்டுப் போனவரு, ரெண்டு வருசம் கழிச்சு சொன்னபடியே லெட்டர் போட்டுட்டாரு. ‘பாட்டு இருக்கு, பொறப்பட்டு வா.’ இத்தனூண்டு கடுதாசி. அதத் தெருவுல எத்தன பேருகிட்டக் காட்டுனேன்னு நெனைக்கிய? தபால்காரருகிட்டயே திரும்பக் காட்டுனேன்.

போனேன். ஸ்டூடியோ உள்ள ஏசின்னா ஏசி, பல்லெல்லாம் தந்தியடிக்கி. கண்ணாடிக்கு அங்கிட்டு மியூசிக் டைரக்டர், பாட்டு எழுதுனவரு, டைரக்டரு, எல்லாரும் உக்காந்திருக்காவ. தனிஸ்லாஸ் மாஸ்டர் கையில ஒரு தாளத் தந்தாரு. தாள விரிச்சுப் பாக்கேன். மொத வார்த்தை என்ன தெரியுமா? ‘போறேன்.’

நீங்களே சொல்லுங்க, நம்ம ஊர்ல வீட்ட விட்டு எறங்கும்போது எவனாவது ‘போறேன்’னு சொல்லுவானா? ‘வாரேன்’னுதான சொல்லுவோம். சாவு வீட்டுலகூட ஒண்ணும் சொல்லாமக் கெளம்புவோமே தவிர, போறேன்னு சொல்ல நாக்கு வராதுல்லா. அதுலயும் பாட்டுக்காரங்களுக்கு இதெல்லாம் ரொம்பப் பயம். மொத மொத மைக்கு முன்னால பாடுத வார்த்தை மங்கலமா இருக்கணும்பாவ. இன்னார் இந்த வரியப் பாடுனாரு, அதோட படுத்துட்டாரு. இன்னார் அந்த வரியப் பாடுனாரு, வீட்டுல வெளக்கணைஞ்சு போச்சு. இப்படியே ஆயிரம் கதை சொல்லுவாவ. எங்க குழுவுல தபலா வாசிக்கிறவன் இன்னைக்கும் ‘முடிஞ்சிட்டு’ன்னு சொல்லமாட்டான். ‘நெறைஞ்சிட்டு’ம்பான். சாப்பாட்டுப் பந்தியில ரசம் நெறைஞ்சிட்டும்பான். இலையில இருக்கவன் முழிப்பான்.

அப்படி வளந்தவன் நானு. வீட்டுல ஏழு மாசக்காரி. எம்பாட்டு வாழ்க்கையில மொத வார்த்தை ‘போறேன்.’ எப்படிப் பாடுவேன்?

மெதுவாக் கேட்டேன். ‘மாஸ்டர், மொத வார்த்தைய மட்டும் வாரேன்னு மாத்திக்கிடுவமா?’ பாட்டு எழுதுனவரு காதுல அது விழுந்துட்டு. மைக்கு ஆன்ல இருந்திருக்கு, எனக்கென்ன தெரியும். கண்ணாடிக்கு அங்கிட்டு இருந்து கத்துதாரு. ‘வாரேன் புள்ள வாரேன், பின்னால வராதேவா? வாறவனுக்குப் பின்னால எவய்யா வரப்போறா?’

நியாயம்தான். இப்பம் யோசிச்சா நியாயம்தான். அப்பம் எனக்கு அது தோணல. ‘அப்பம் பின்னால வராதேங்கத முன்னால வராதேன்னு மாத்திக்கிடலாம்’னேன்.

சிரிக்கியளா? மேடையில இந்த எடத்துல நான் ஒரு நிமிசம் நிறுத்துவேன். கூட்டம் அடங்க அவ்வளவு நேரமாவும்.

பெறவு ஒரு பத்து நிமிசம் டைம் கேட்டுட்டு வெளிய வந்து, எதிர்த்தாப்புல எஸ்டிடி பூத்துல நொழைஞ்சேன். எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல சுப்பையா அண்ணாச்சி மாவு மில்லு. அங்கதான் போன் உண்டு. வடிவக் கூப்பிடச் சொன்னேன். வந்தா. விசயத்தச் சொன்னேன். அவ ‘ஐயையோ, அந்தப் பாட்டு வேண்டாம், வயித்துல பிள்ளை இருக்கு, என்மேல ஆணை’ன்னு ஓன்னு அழுதுட்டா. பெறவு எப்படிப் பாட? உள்ள போயி, ‘மாஸ்டர், வீட்டுல அழுதுட்டா, எனக்கு இந்தப் பாட்டு வேண்டாம்’னு சொல்லிட்டேன்.

ஸ்டூடியோவே வாயடைச்சுப் போச்சு அண்ணாச்சி. ஒரு ஊர்நாட்டுப் பய, மொத வாய்ப்ப, பொண்டாட்டி பிள்ளைக்காக வேண்டாங்கானேன்னு அத்தன பேரும் அப்படியே பாக்காவ. ஜெயசீலன் சார் எந்திரிச்சு வந்து, தன் கையால எனக்குக் கதவத் தெறந்து விட்டாரு. அவ்வளவு பெரிய மனுசன்! அவரு யாருக்கும் கதவு தெறந்து விடமாட்டாராம். ‘சாப்டுட்டுப் போங்க’ன்னாரு. எலுமிச்சஞ்சோறும் தயிர்சோறும். நான் ரெண்டையும் சாப்டுட்டுத்தான் வந்தேன். கொள்கை வேற, வயிறு வேறல்லா.

மறுவாரம் கிருபாகரன் பாடுனாரு. மூணாவது மாசம் பாட்டு வெளிய வந்துச்சு. நாலாவது மாசம் நான் வெளிய வரல. எங்க போனாலும் அதான். டீக்கடையில அதான். சவரக்கடையில மூஞ்சி பூரா சோப்பு நொரையோட உக்காந்திருக்கேன், ‘போறேன் புள்ள.’ எந்திரிச்சு எங்கன போவ? அபசகுனம்னு நான் பயந்தேன்லா, பாடுன கிருபாகரனுக்கு என்ன ஆச்சுங்கிய? ஒரு தும்மல்கூட வரல. பேரன் பேத்தி எடுத்து, எழுவத்தெட்டு வயசுல குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. எனக்குத்தான் முப்பதுலயே முடி கொட்டிட்டு.

இன்னொரு கூத்தக் கேளுங்க. எந்தப் பிள்ளைக்காக அந்தப் பாட்ட விட்டேனோ, அந்தப் பிள்ளை, எம்மவ செண்பகம், தொட்டில்ல போட்டா எதுக்கும் தூங்காது. நான் பாடுனா இன்னும் வீறிட்டு அழும். ரேடியோவுல ‘போறேன் புள்ள’ வந்தா கண்ணு சொருவிரும். வடிவு ரேடியோவத் தொட்டிலுக்கடியிலயே வச்சிட்டா. கிருபாகரன் என் வீட்டுல எம்பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுதாரு, நான் கொல்லையில துணி காயப்போடுதேன்.

மூணு வருசம் மேடையில அந்தப் பாட்டத் தொடல. வீம்பு. கூட்டம் விட்டாத்தான? துண்டுச் சீட்டா வந்து குவியும். கடைசியில ஒரு கொடையில பாடித் தொலைச்சேன். பாடுததுக்கு முன்னால சும்மா ரெண்டு வார்த்தை பேசுனேன். ‘இது எனக்கு வந்த பாட்டு, எம்பொண்டாட்டி அழுதா, விட்டுட்டேன்.’ கைதட்டுன்னா அப்படி ஒரு கைதட்டு. பாட்டுக்கு இல்ல, பேச்சுக்கு! அதுக்குப் பெறவு ஊரு ஊருக்கு அந்தப் பேச்சக் கேக்கத்தான் கூப்புட்டாவ. ரெண்டு வார்த்தை அஞ்சு நிமிசமாச்சு, அஞ்சு நிமிசம் பத்தாச்சு. எங்க டிரம்சுக்காரன் நான் மைக்க எடுத்ததும் எறங்கிப் போயி டீ குடிச்சிட்டே வந்திருவான். எங்களுக்குள்ள ஒரு கணக்கு.

வடிவா? அவ என்ன சொல்லுவா. ஒண்ணும் சொல்லமாட்டா. மனசுல எதையும் வச்சுக்கிடாத பொம்பளை. கல்யாண வீட்டுக்குப் போனா, ‘இவுகதான் அந்தப் பாட்டத் தடுத்தவுக’ன்னு நாலு பேரு காட்டுவாவ. சிரிச்சிக்கிட்டே எலையில உக்காந்திருவா. எங்கம்மைதான் கொஞ்சம் படுத்துவா. தெருமுக்கு ஓட்டல்ல இருந்து பாட்டுச் சத்தம் வந்தாப் போதும், ‘எம்மவன் வாழ்க்கைய ஒரு அழுகையில அழிச்சிட்டா பாவி’ன்னு ஆரம்பிச்சிருவா. கடைசி ரெண்டு வருசம் எங்கம்மை படுக்கையில. வடிவுதான் எல்லாம் பாத்தா. சோறு ஊட்டிக்கிட்டிருக்கையில அந்தப் பாட்டு கேட்டுட்டுன்னா, எங்கம்மை அவ கையத் தட்டி விட்டுருவா. கஞ்சி சேலையெல்லாம் கொட்டும். எங்கம்மைக்கு அவ்வளவு பாட்டு ஞானம்!

நீங்க ஏன் சிரிக்கல? இதுக்கும் சிரிப்பாவ எல்லாரும்.

சரி. வாகைக்குளம் தாண்டிட்டு. இன்னைக்கு நான் எதுக்குத் தூத்துக்குடி வந்தேன்னு சொல்லல பாருங்க. நான் மேடையேறி நாப்பது வருசமாச்சுன்னு எங்க குழுவுல வார ஞாயித்துக்கெழம ஒரு விழா வச்சிருக்காவ. பாளையங்கோட்டையில, மண்டபத்துல. இந்தாங்க, நோட்டீசு. படிங்க. ‘பெண் சிந்திய கண்ணீருக்காகப் பெரும்புகழைத் துறந்த கொள்கைப் பாடகர் நெல்லை உலகநாதன்.’ நல்லா இருக்கா? நாந்தான் எழுதுனேன். வேற யாரு எழுதுவா? கீழ பாருங்க, ‘திருமதி சண்முகவடிவு அவர்கள் மேடையில் கௌரவிக்கப்படுவார்.’ அவளுக்கும் ஒரு சால்வை.

இதுக்கு தனிஸ்லாஸ் மாஸ்டரக் கூட்டிட்டு வந்து, அன்னைக்கு நடந்தத அவரு வாயால சொல்ல வச்சா எப்படி இருக்கும்? கண்ணால பாத்த சாட்சியில்லா. அதான் இன்னைக்குக் காலையில பழம், பூ எல்லாம் வாங்கிக்கிட்டு அவரு வீட்டுக்கு வந்தேன். எம்பத்திரண்டு வயசு. கால்தான் முடியல, காது நல்லாக் கேக்கு. என்னையப் பாத்ததும் ‘எலே உலகு!’ன்னு ஒரே சந்தோசம்.

நோட்டீசக் குடுத்தேன். கண்ணாடியப் போட்டு வாசிச்சாரு. சிரிக்க ஆரம்பிச்சாரு அண்ணாச்சி. இருமலு வந்து, நான் நெஞ்சத் தடவிவிட்டு, திரும்ப வாசிச்சு, திரும்பச் சிரிச்சு... எனக்கு ஒண்ணும் வெளங்கல.

‘எலே, பெரும்புகழத் துறந்தியா? அது ட்ராக்குல்லா!’ன்னாரு.

ட்ராக்குன்னா ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ. பெரிய பாடகரு வாரதுக்கு முன்னால, ராகம் எப்படி, வார்த்தை எங்கன விழணும்னு காட்டுததுக்கு ஒரு சின்ன ஆளப் பாட வச்சு எடுத்து வச்சிக்கிடுவாவ. பெரியவரு வந்து அதக் கேட்டுட்டு அதே எடத்துல பாடுவாரு. சின்ன ஆளு குரல அழிச்சிருவாவ. அவ்வளவுதான். பேரும் வராது, குரலும் வராது. அழிக்கிறதுக்குன்னே பாடுத பாட்டு.

‘கிருபாகரன்தான் பாடணும்னு ஒரு மாசம் முன்னயே முடிவாயிட்டுலே. அந்தாளு அன்னைக்கு மலேசியாவுல கச்சேரியில இருந்தாரு. அதான் ட்ராக்குக்கு ஒன்னையக் கூப்புட்டேன். நாலு ட்ராக்கு பாடுனா அஞ்சாவதா ஒரு பாட்டு கெடைக்கும், நீ பைய மேல வருவேன்னு நெனைச்சேன். நீ என்னடான்னா, பாட்டு எழுதுனவருக்கே பாட்டு சொல்லிக்குடுக்கே.’

‘எங்கிட்ட ஏன் மாஸ்டர் அப்பமே சொல்லல?’ன்னேன்.

‘சொல்லலாம்னுதான் வந்தேன். போன் பேசிட்டு வந்தவன், மைக்கு முன்னால நின்னு தேம்பித் தேம்பி அழுதே. ஸ்டூடியோவே முழிக்கி. ஜெயசீலன் சாருக்கு வெளிய எங்கயோ போவணும், நேரமாவுது. இந்தப் பயல எப்படி வெளிய அனுப்புததுன்னு அவரே எந்திரிச்சு வந்து கதவத் தெறந்துட்டாரு. அழுதுக்கிட்டிருக்கவன்கிட்ட ட்ராக்குன்னு வேற சொல்லவா?’

அப்பம் ட்ராக்க யாரு பாடுனாங்கன்னு கேட்டேன். ‘நாந்தான். தகரத்தத் தேய்ச்ச மாதிரி இருந்துச்சு. அதக் கேட்டுத்தான் கிருபாகரன் அவ்வளவு நல்லாப் பாடுனாரு’ன்னுட்டு மறுபடியும் சிரிக்காரு.

நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய? முப்பத்தாறு வருசமா வேண்டாம்னு சொன்னேன், வேண்டாம்னு சொன்னேன்னு மேடை மேடையாச் சொல்லியிருக்கேன். எவனும் எங்கிட்ட வேணுமான்னே கேக்கலையே அண்ணாச்சி! ‘போறேன்’னு பாடியிருந்தாலும் என் ‘போறேன்’ எவன் காதுலயும் விழுந்திருக்காது. மறுவாரமே அழிச்சிருப்பாவ. அபசகுனத்துக்குக்கூட நான் லாயக்கில்ல.

மாஸ்டர் நல்ல மனுசன். எம்மூஞ்சியப் பாத்துட்டு, ‘சரி விடுலே, ஞாயித்துக்கெழம நான் வாரேன். என்ன சொல்லணும்னு சொல்லு, சொல்லுதேன். நாங்க கெஞ்சுனோம், நீ மாட்டேன்னுட்டேன்னு சொல்லட்டா? ஜெயசீலன் சார் கால்ல விழுந்தாருன்னுகூடச் சொல்லுதேன், அவரு இப்பம் உசிரோடயா இருக்காரு?’ன்னாரு.

ஒரு நிமிசம், உண்மையச் சொல்லுதேன், ஒரு நிமிசம் எனக்கு ஆசையா இருந்துச்சு.

பெறவு அவரு ஒண்ணு சொன்னாரு. சாதாரணமாத்தான் சொன்னாரு. ‘ஒம்பொண்டாட்டியத்தான் நல்லா மேடையில ஏத்தி சால்வை போடு. பாவம், அன்னைக்கு போன்ல ரொம்ப அழுதிருப்பா போல, அது ஒனக்கும் தொத்திக்கிட்டு.’

அண்ணாச்சி, நீங்க யாரோ நான் யாரோ. பாளையில எறங்குனா திரும்பப் பாக்கப்போறதில்ல. அதனால சொல்லுதேன். வடிவு அழல.

ஆமா. மேடையில சொல்லுதது வேற, நடந்தது வேற. அன்னைக்கு அவ மாவரைச்ச கையோட மூச்சு வாங்கிக்கிட்டு வந்து போன எடுத்தா. ‘பாட்டு போறேன்னு ஆரம்பிக்கி’ன்னேன். சிரிச்சா. ‘படத்துல எவனோ போறான். அதுக்கு நீங்க ஏன் பயப்படுதிய? தைரியமாப் பாடிட்டு வாங்க’ன்னா. அம்புட்டுதான் சொன்னா. போன வச்சிட்டு ரோட்டுலயே நிக்கேன். உள்ள போயி ‘எனக்குப் பயமா இருக்கு’ன்னு ஒரு ஆம்பளை எப்படிச் சொல்ல? ‘வீட்டுல அழுதுட்டா’ன்னு வந்துட்டு வாயில. ஒரே ஒரு தடவ சொல்லத்தான் சொன்னேன். பாட்டு இவ்வளவு தூரம் ஓடும்னு கண்டேனா? பாட்டு ஓட ஓட, நான் சொன்னதும் கூடவே ஓடிட்டு.

எத்தன மேடை அவ எம்முன்னால உக்காந்து கேட்டிருக்கா! ஒரு நாளாவது வீட்டுக்கு வந்து, ‘நான் எப்பங்க அழுதேன்’னு கேட்டிருக்கலாம். கேட்டா சமாளிக்க ஒரு பதிலும் வச்சிருந்தேன். கேக்கவே இல்ல. சரி, இதெல்லாம் அவ பெரிசா எடுத்துக்கிடலன்னு நெனைச்சுக்கிட்டேன். எனக்கு அது தோதா இருந்துச்சு.

இப்பம் ஞாயித்துக்கெழம அவள மேடையில நிக்க வச்சு, அழாத அழுகைக்கு, இல்லாத பாட்டுக்கு, சால்வை போடப்போறேன். சொல்லிட்டா எம்பேரு போச்சு. நாப்பது வருசத்துல எங்கிட்ட இருக்கது அந்த ஒரு பேருதான். எம்பாட்டக் கேக்க எவன் வந்தான்? சொல்லலைன்னா... அதத்தான் தூத்துக்குடியில ஏறுனதுலேர்ந்து யோசிக்கேன். யோசிக்க முடியல, அதான் ஒங்ககிட்டப் பேசிக்கிட்டு வாரேன்.

சித்த இருங்க, போனு அடிக்கி. அவதான்.

ஏட்டி, சொல்லு... வல்லநாடு தாண்டியாச்சு... பாத்தேன், நல்லா இருக்காரு. வாரேன்னுட்டாரு... சாப்டாச்சு, அவுக வீட்டுலயே மீன் கொழம்பு... சால்வையா? நீயே எடு, ஒனக்குப் புடிச்ச கலர்ல எடு... இரு, வச்சிராத. வடிவு, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மெட்ராசுலேர்ந்து மாவு மில்லுக்கு போன் போட்டேம்லா... ஆமா, அந்தப் பாட்டுக்குத்தான். அன்னைக்கு நீ என்ன சொன்னே?... சும்மாதான் கேக்கேன், சொல்லு...

அண்ணாச்சி. போனப் பொத்திக்கிட்டுச் சொல்லுதேன். இவ என்ன சொல்லுதா தெரியுமா? ‘நாந்தான அழுதேன். நாந்தான ஒங்களக் கெடுத்தேன். மில்லுல நின்னு அழுதுக்கிட்டிருந்தேன், சுப்பையா அண்ணாச்சிகூட செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாகளே’ங்கா.

செம்புல தண்ணி! அது நான் சேத்தது அண்ணாச்சி. சங்கரன்கோவில்ல ஒரு மேடையில, கைதட்டு கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு, அந்த எடத்துல நானாச் சேத்தது. சுப்பையா அண்ணாச்சி அன்னைக்கு மில்லுலயே இல்ல, அவுக மவன்தான் போன எடுத்தான். இவ அதக் கண்ணால பாத்த மாதிரி சொல்லுதா. பொய்யாச் சொல்லல, நம்பித்தான் சொல்லுதா. நான் சொல்லிச் சொல்லி, அவ அழுததாவே ஆயிட்டு அவளுக்கு.

வடிவு... இருக்கேன், இருக்கேன். வடிவு, நீ அழல... அழலங்கேன். நல்லா யோசிச்சுப் பாரு. நீ சிரிச்சே. தைரியமாப் பாடிட்டு வாங்கன்னே. நாந்தான் பயந்தேன். அழுததும் நாந்தான், ஸ்டூடியோவுல, அத்தன பேரு முன்னால. நீ அழுதேன்னு நாந்தான் சொல்லிவச்சேன்... குடிக்கலட்டி, பஸ்ஸுலதான் வாரேன், பக்கத்துல ஒரு அண்ணாச்சி இருக்காவ, வேணும்னா கேளு... அது எம்பாட்டே இல்லையாம், அது பெரிய கதை, வீட்டுக்கு வந்து சொல்லுதேன். அந்தத் தண்ணியும் இல்ல. நீ ஒண்ணும் கெடுக்கல. அத மட்டும் கேட்டுக்கோ... வடிவு? இருக்கியா? ஏதாவது சொல்லுட்டி... வடிவு...

ம்.

ம்.

வச்சிட்டா.

இல்ல அண்ணாச்சி, திட்டல. திட்டுனா நான் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, அதுவும் மெதுவா.

‘இத அத்தை உசிரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா?’ன்னு கேட்டா.